மணமும் செருப்பும்: முத்துப்பட்டன் கதை ஆய்வுகள் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

தமிழகச் சிற்றூர்களில் வழிபடப்பெறும் தெய்வங்கள் பலவும் ஒரு காலத்தில் மனிதராக வாழ்ந்து, கொலையுண்டோ போரிட்டோ உயிர் துறந்தவர்களின் நினைவிலிருந்து தோன்றியவை. ஆநிரை மீட்கும் பூசலில் இறந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் விரித்துரைக்கிறது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஆகோள் பூசலைச் சுட்டுகிறது. இத்தகைய தொன்மையுடைய மரபு இன்றும் கொடை விழாவாகவும் வில்லுப்பாட்டாகவும் சாமியாட்டமாகவும் தொடர்கிறது. ஆயினும் இம்மரபு குறித்த நம் ஆய்வுகளில் கதைப்பாடலின் அச்சுப் பனுவலே முதன்மை இடம் பெற்றுள்ளது. கோயிலில் நிகழும் வழிபாடு பின்னிணைப்பாகவே கருதப்படுகிறது.

இவ்வணுகுமுறையால் நேரும் இழப்பை ஒரு சான்றின்வழி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. திருநெல்வேலி வட்டாரத்தில் வழங்கும் முத்துப்பட்டன் கதையும், அதனைப் பற்றி எழுந்த விளக்கங்களும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சாதி கடந்த மணத்தைக் கருவாகக் கொண்ட இக்கதையில் மணமகளிரின் பிறப்பு மாற்றப்பட்டுள்ளது. இம்மாற்றத்தை ஆய்வாளர்கள் எவ்வாறு விளக்கினர், அவ்விளக்கங்களில் எது விடுபட்டது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

கதையின் அமைப்பு

முத்துப்பட்டன் அந்தணர் குலத்தில் எழுவருள் இளையவனாகப் பிறந்தவன். உடன்பிறந்தாருடன் பிணங்கி வீட்டைவிட்டு வெளியேறிக் கொட்டாரக்கரை அரசனிடம் பணிபுரிகிறான். தமையன்மார் அவனைத் தேடிவந்து அழைத்துச் செல்லும் வழியில், மலைச்சாரலில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களின் பாடலைக் கேட்டு அவர்கள்மீது காதல் கொள்கிறான். அவர்கள் மாடு காத்தும் தோல் தொழில் செய்தும் வாழும் வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டு வந்தவனிடம் வாலப்பகடை சில நிபந்தனைகளை விதிக்கிறான். முத்துப்பட்டன் தன் சுற்றத்தை விட்டு வரவேண்டும். குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிய வேண்டும். தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்கவும் வேண்டும். தமையன்மார் தடுத்துச் சிறைப்படுத்தியும் அவன் தப்பிவந்து அனைத்தையும் நிறைவேற்றுகிறான். மணம் நடந்தேறிய நிலையில் மாடு கவர வந்த கூட்டத்தாரை எதிர்த்துப் போரிட்டு வென்று, மறைந்திருந்த ஒருவனால் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். மனைவியர் இருவரும் சிங்கம்பட்டிக் குறுநில மன்னனின் இசைவைப் பெற்றுச் சிதையேறுகின்றனர். மூவரும் தெய்வமாகின்றனர்.

இக்கதையின் இறுதிப்பகுதி ஆநிரை மீட்டு இறந்த வீரனின் கதையே. சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் கரந்தைத் திணையோடு இதனை எளிதில் தொடர்புபடுத்தலாம். எனினும் சங்க வீரனுக்கு நேராத ஒன்று முத்துப்பட்டனுக்கு நேர்கிறது. அவன் இறப்பதற்கு முன்பே ஒரு பிறப்பைத் துறந்துவிடுகிறான்.

வானமாமலையின் விளக்கம்

பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. நாட்டார் கதைப்பாடல்களைப் பல்கலைக்கழக ஆய்வுப்பொருளாக ஆக்கிய முயற்சிகளுள் இப்பதிப்பும் ஒன்று. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் அந்தணர்கள், காட்டில் கைவிடப்பட்டு வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்னும் செய்தி கதையின் வழக்குகளில் இடம்பெற்றுள்ளது. சாதி ஒழுங்கைக் காக்கும் பொருட்டுப் பின்னாளில் புகுத்தப்பட்டதே இச்செய்தி என்பது வானமாமலையின் முடிவு. காத்தவராயன், மதுரை வீரன் ஆகியோரின் கதைகளிலும் இத்தகைய திருத்தம் நிகழ்ந்துள்ளதை அவர் எடுத்துக்காட்டினார்.

இம்முடிவின் வலிமையை எவரும் மறுத்தல் அரிது. நாட்டார் இலக்கியத்தைக் கள்ளங்கபடமற்ற மக்களின் வெள்ளை உள்ள வெளிப்பாடு எனப் போற்றி நின்ற காலத்தில், அதனுள்ளும் அதிகாரத்தின் கை நுழைந்திருப்பதைக் காட்டியது அவரது மார்க்சியப் பார்வை. அவருக்குப்பின் வந்த ஆய்வாளர் பலரும் இவ்வழியே சென்றனர்.

ஆயினும் இவ்விளக்கம் ஒரு பழக்கத்தையும் நமக்கு விட்டுச்சென்றது. இடைச்செருகல் என்பது சுவடிப் பதிப்பியல் சார்ந்த கருத்தாக்கம். அது தூய மூலம் ஒன்று இருந்ததாகவும் பின்வந்தவர் அதனைச் சிதைத்ததாகவும் கொள்கிறது. ஏட்டில் எழுதி வைக்கப்பெற்ற ஒரு காப்பியத்திற்கு இது பொருந்தலாம். ஆண்டுதோறும் கொடையில் புலவரால் புதிதாகப் பாடப்பெறும் ஒரு கதைக்கு இக்கருத்தாக்கத்தை அப்படியே பொருத்துவது ஏற்புடையதன்று. பிறப்பு மாற்றத்தை இடைச்செருகல் எனப் பெயரிட்டு ஒதுக்கியவுடன் ஆய்வாளரின் பணி முடிந்துவிடுகிறது. திருத்தப்பட்ட கதையைக் கேட்டவர்கள் அதனை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்னும் வினா எழாமலேயே போகிறது.

பிளாக்பர்னின் விளக்கம்

வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட தம் நூலில் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என வில்லுப்பாட்டுக் கதைகளை வகைப்படுத்தினார். முன்னவை தெய்வமாகவே தோன்றியவர்களைப் பற்றியவை. பின்னவை கொலையுண்டு தெய்வமானவர்களைப் பற்றியவை. வில்லுப்பாட்டுப் பனுவலைச் சடங்கின் போக்கோடு இணைத்துப் படிக்க வேண்டும் என்பது இந்நூல் நமக்கு உணர்த்தும் பாடம். கதையில் வீரன் மடியும் கட்டமும் களத்தில் சாமி இறங்கும் கட்டமும் ஒன்றையொன்று தழுவி நிற்பதை அச்சுப் பனுவலிலிருந்து மட்டும் அறிய இயலாது.

இந்தியக் கதைப்பாடல்களின் வளர்ச்சி பற்றிய தம் பிற கட்டுரைகளில் அவர் மற்றொரு கருத்தையும் முன்வைத்தார். ஒரு வீரனின் வழிபாடு அவன் மடிந்த ஊரின் எல்லையைக் கடந்து பரவும்போது, அவனது இறப்பின் நேரடி நினைவு அங்கில்லாத மக்களுக்கு அவனைத் தெய்வமென நிறுவ வேண்டியுள்ளது. அந்நிலையில் தெய்வப் பிறப்புக் கதை சேர்க்கப்படுகிறது. வானமாமலை சாதியைக் காரணமாகக் கண்ட இடத்தில் பிளாக்பர்ன் பரவலைக் காரணமாகக் காண்கிறார்.

இவ்விரு விளக்கங்களையும் முத்துப்பட்டன் கதையோடு பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. பிளாக்பர்னின் கருத்துப்படி மாறவேண்டியது நாயகனின் பிறப்பு. இக்கதையில் நாயகனின் பிறப்பு மாறவில்லை. மணமகளிரின் பிறப்பே மாறியுள்ளது. வழிபாட்டின் பரவல் இதற்குக் காரணமாக இயலாது. வானமாமலையின் விளக்கம் இவ்விடத்தில் கூடுதலாகப் பொருந்துகிறது. எனினும் சாதி என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல், சாதியின் எந்தக் கூறு இங்குக் காக்கப்படுகிறது என்பதையும் நாம் வினவ வேண்டும்.

திருத்தம் தொடரும் இடம்

மூன்று கதைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் இவ்வினாவிற்கு விடை தரும். மதுரை வீரன் கதையில் நாயகன் அருந்ததியர் குடியில் வளர்கிறான். பொம்மண நாயக்கன் மகள் பொம்மியை மணக்கிறான். கதை அவனைக் காசி மன்னனின் மகனாக்குகிறது. தீய குறியோடு பிறந்தான் என்று காட்டில் விடப்பட்ட அரச குழந்தை அவன். 1956இல் வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படமும் இப்பிறப்பையே தமிழுலகெங்கும் கொண்டு சேர்த்தது. காத்தவராயன் கதையில் நாயகன் தாழ்த்தப்பட்ட காவற்குடியில் வளர்கிறான். அந்தணர் வீட்டு ஆரியமாலையை விரும்புகிறான். கதை அவனைச் சிவபெருமானின் பிள்ளையாக்குகிறது. முத்துப்பட்டன் கதையில் நாயகனே அந்தணன். மணமகளிர் தாழ்ந்த குடியினர். இங்கே மணமகளிர் அந்தணராக்கப்படுகின்றனர்.

இவற்றிலிருந்து பெறப்படும் பொதுமை தெளிவானது. திருத்தம் நாயகனைத் தொடரவில்லை, மணத்தையே தொடர்கிறது. மணமக்களுள் எவர் தாழ்ந்த குடியினரோ அவர் பிறப்பு மாற்றப்படுகிறது. அவர் ஆணாயினும் பெண்ணாயினும், நாயகராயினும் துணைமாந்தராயினும் இவ்விதி மாறுவதில்லை. தாழ்த்தப்பட்ட ஒருவன் வீரனாவதையோ தெய்வமாவதையோ சாதியச் சமூகம் ஏற்றுக்கொண்டது. அதன் எல்லைக் காவல் அனைத்தும் அகமண முறையின்மீதே குவிந்திருந்தது. பலியையும் படையலையும் மறுக்காத அச்சமூகம் மணத்தை மட்டும் கதையளவில்கூட ஏற்கவில்லை. இம்மூன்று கதைகளிலும் மணமோ காதலோ நாயகனின் கொலைக்கு அல்லது தண்டனைக்கு அருகிலேயே நிற்பதும் நோக்கத்தக்கது.

செருப்பு என்னும் காணிக்கை

பாபநாசம் மலைப்பகுதியில் காரையாற்றுக்கு அருகே சொரிமுத்து அய்யனார் கோயில் அமைந்துள்ளது. 1988இல் உருவாக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இப்பகுதி வருகிறது. ஆடி அமாவாசையன்று பல்லாயிரவர் இங்குக் கூடுகின்றனர். இக்கோயில் வளாகத்தில் முத்துப்பட்டன், பட்டவராயன் என்னும் பெயரில் பொம்மக்கா, திம்மக்காவுடன் வழிபடப்பெறுகிறான். அவனுக்கு அடியார்கள் செலுத்தும் சிறப்புக் காணிக்கை தோற்செருப்பு. பட்டவராயன் இரவில் அச்செருப்பை அணிந்து காட்டைச் சுற்றிக் காவல் புரிகிறான் என்றும், காணிக்கையாக இட்ட புதுச்செருப்பு பின்னர்த் தேய்ந்து காணப்படும் என்றும் மக்கள் நம்புகின்றனர்.

கோயில் எல்லைக்கு வெளியே கழற்றி வைக்கப்படும் பொருள் செருப்பு. தமிழர் வழக்கில் அது இழிவின் அடையாளமாகவும் ஆளப்படுகிறது. அப்பொருள் இங்கே தெய்வத்தின்முன் படைக்கப்படுகிறது. இதற்கான விடை கதையிலுள்ள வாலப்பகடையின் நிபந்தனையில் இருக்கிறது. முத்துப்பட்டன் செருப்புத் தைக்கக் கற்றதனாலேயே மணமகனானான். அவன் துறந்த பூணூல் இங்குக் காணிக்கையாக இடப்படுவதில்லை. அவன் கற்ற தொழிலின் விளைபொருளே இடப்படுகிறது.

பிறப்பு மாற்றம் எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது என்பதை அளக்கும் கருவியாக இச்செருப்பைக் கொள்ளலாம். மணமகளிர் அந்தணராயின் அம்மணத்தில் மீறல் ஏதுமில்லை. ஆயினும் முத்துப்பட்டன் குடுமியைக் களைந்ததும் தோல் பதனிட்டதும் கதையிலிருந்து நீக்கப்படவில்லை. அவற்றை நீக்கினால் கதையே இல்லாமற் போகும். பிறப்பைத் திருத்தியவர்களால் தொழிலைத் திருத்த இயலவில்லை. பிறப்பு என்பது கேட்டு அறியும் செய்தி. ஒரு புலவர் இரண்டு அடிகளைச் சேர்த்து அதனை மாற்றிவிடலாம். தொழிலோ செய்து காட்டப்பட்ட செயல். வழிபாடு அச்செயலைப் பற்றிக்கொண்டது. பாட்டு விட்டுக்கொடுத்ததை வழிபாடு விட்டுக்கொடுக்கவில்லை எனலாம். பனுவலை மட்டும் நோக்கிய ஆய்வுகள் சாதியத்தின் வெற்றியைக் கண்டன. அவ்வெற்றி முழுமை பெறாத இடத்தை அவை காணவில்லை.

இதனால் சாதி வேற்றுமை இவ்வழிபாட்டில் கரைந்துவிட்டது என்று முடிவு செய்தல் கூடாது. செருப்பைக் காணிக்கையாக இடுபவர், அதனைத் தைத்தவரோடு மணவுறவு கொள்ள இசைந்தவர் என்று பொருளில்லை. வழிபாடு ஒரு செயலின் நினைவைக் காத்துள்ளது. அந்நினைவை வாழ்க்கை நெறியாக்குவது வழிபாட்டால் மட்டும் நிகழ்வதன்று.

கோட்பாடுகளின் எல்லை

நாட்டுப்புறத் தெய்வ ஆய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் இரு கோட்பாடுகளையும் இச்சான்றின் துணைகொண்டு மதிப்பிடலாம். எம். என். சீனிவாஸ் 1952இல் வெளியிட்ட குடகர் பற்றிய நூலில் விளக்கிய மேல்நிலையாக்கக் கோட்பாடு, தாழ்நிலையிலுள்ள குழுவினர் மேல்நிலைக் குழுவினரின் வழக்கங்களைக் கைக்கொண்டு உயர முயல்வதைப் பேசுகிறது. பலியை விட்டுச் சைவப் படையலுக்கு மாறிய கோயில்களை விளக்க இது பெரிதும் உதவுகிறது. முத்துப்பட்டனோ எதிர்த்திசையில் நடந்தவன். பூணூலை அறுத்து, தோலைத் தொட்டு, அதனாலேயே வழிபாட்டுக்குரியவனானான். கீழிறங்கித் தெய்வமான ஒருவனை விளக்கும் சொல் அக்கோட்பாட்டில் இல்லை. அவ்வாறு இறங்கியவனை மீண்டும் ஏற்றிவிடும் முயற்சியே மணமகளிர்க்குத் தரப்பட்ட புதுப்பிறப்பு.

லூயி துய்மோன் 1953இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட அய்யனார் பற்றிய கட்டுரை, தூய்மை–தீட்டு என்னும் எதிர்நிலையின் வழியே கிராமக் கோயிலின் அமைப்பை விளக்கியது. அய்யனார் தலைவர், ஊனுண்ணும் கருப்பன் முதலானோர் அவருக்கு அடங்கியவர். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் பெற்றுள்ள இடத்தை இவ்விளக்கத்தால் ஓரளவு உணரலாம். ஆனால், அடங்கியவருள் ஒருவன் பிறப்பால் தூய்மைத் தரப்பைச் சேர்ந்தவன், அத்தூய்மையைத் தானே துறந்தவன் என்பதை அமைப்பியல் விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. அமைப்பு இடத்தைக் காட்டுகிறது; அவ்விடத்திற்கு வந்துசேர்ந்த வழியைக் காட்டுவதில்லை.

சிதையேறிய பெண்கள்

சாதியை முன்னிறுத்திய விளக்கங்கள் போதிய கவனம் செலுத்தாத மற்றொரு கூறு மனைவியர் சிதையேறுதல். பொம்மக்கா, திம்மக்காவின் பிறப்பு குறித்து நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது. அவர்களின் இறப்பு குறித்து அத்தகைய விவாதம் நிகழவில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் தீப்பாய்ந்த அம்மன் வழிபாடு உள்ளது. ஆண் தெய்வத்திற்குத் துணையாக நிற்பதால் இவ்விருவரும் அவ்வகைத் தெய்வங்களோடு இணைத்து நோக்கப்படுவதில்லை.

அவர்கள் மன்னனின் இசைவைப் பெற்ற பின்னரே சிதையேறினர் என்னும் செய்தியும் ஆராய்தற்குரியது. மாடு காக்கும் குடியினரின் இறப்பும் குறுநில மன்னனின் ஆணைக்கு உட்பட்டது என்பதைக் கதை பதிவு செய்கிறது. வழிபாட்டிலும் அவ்வதிகாரத்தின் தடம் நெடுங்காலம் நீடித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஜமீன் முறை ஒழிக்கப்பட்டபின்னும், சிங்கம்பட்டி ஜமீனின் முடிசூடிய கடைசித் தலைவரான டி. என். எஸ். முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசையன்று இக்கோயிலில் அரச உடையில் காட்சியளித்து வந்தார். அவர் 2020இல் காலமானார். செருப்பை ஏற்றுக்கொண்ட அதே களம் மன்னனின் இருக்கையையும் காத்து வந்தது. நாட்டார் வழிபாட்டை எதிர்ப்பின் களம் என்று மட்டும் போற்றுவோர் இவ்விரண்டையும் ஒருசேர விளக்க வேண்டும்.

மலேசிய, சிங்கப்பூர் ஆய்வுக்குரிய பாடம்

முத்துப்பட்டனைக் காட்டிலும் மதுரை வீரனே நம் வட்டாரத்தில் பரவலாக அறியப்பட்டவர். முனியாண்டி, காளியம்மன், மாரியம்மன் ஆகியோரோடு தோட்டப்புறக் கோயில்களில் அவர் இடம்பெற்றார். பொம்மியும் வெள்ளையம்மாளும் அவர் இருபுறமும் நிற்கின்றனர். காசி மன்னன் மகன் என்னும் பிறப்பே இங்கும் பெருவழக்கு. முனியாண்டி முனீஸ்வரனாகிச் சிவபெருமானோடு தொடர்புபடுத்தப்படும் போக்கையும் நாம் அறிவோம். சிங்கப்பூரின் முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்து வினீத்தா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூல், ஆகம நெறியும் நாட்டார் நெறியும் ஒரே தெய்வத்தின்முன் எதிர்கொள்வதை விரிவாகக் காட்டியது.

நம் மாணவர்கள் கோயில்களைப் பற்றிக் களஆய்வு செய்யும்போது தலவரலாற்றையே முதலில் சேகரிக்கின்றனர். நிருவாகத்தினர் தரும் அச்சிட்ட குறிப்பு அவ்வரலாறாகிவிடுகிறது. தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம்பெயரும்போது புதிய தலவரலாறு எழுதப்படுவதும் உண்டு. பிறப்பு மாற்றம் நிகழ்வதற்கு உகந்த தருணமும் அதுவே. பீடத்தின்முன் என்ன படைக்கப்படுகிறது, முன்பு படைக்கப்பட்டு இப்போது கைவிடப்பட்டது எது, அதனை விலக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கான விடைகள் அச்சுக் குறிப்பில் கிடைப்பதில்லை. சுருட்டும் சாராயமும் ஆட்டுக் கிடாயும் வெறும் படையற் பொருள்கள் அல்ல. தலவரலாறு சொல்ல மறுத்த ஒன்றை அவை நினைவில் வைத்திருக்கலாம். அவற்றை அறியாமைக் காலத்தின் எச்சமென விலக்குவோர், அவற்றோடு சேர்த்து ஒரு வரலாற்றுச் சான்றையும் விலக்கிவிடுகின்றனர்.

முடிவுரை

முத்துப்பட்டன் கதையில் நிகழ்ந்த பிறப்பு மாற்றத்தை இனங்கண்டு காட்டியது வானமாமலையின் நிலைத்த பங்களிப்பு. சடங்கோடு இணைத்துப் படிக்கும் முறையைக் கற்பித்தது பிளாக்பர்னின் பங்களிப்பு. இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு, மாற்றம் மணத்தையே குறிவைத்தது என்பதையும், வழிபாட்டில் நிலைபெற்ற தொழிற்பொருள் அம்மாற்றத்திற்கு இணங்கவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைத்தது. பனுவலையும் படையலையும் ஒன்றற்கொன்று சான்றாக மட்டும் கொள்ளாமல், ஒன்றோடொன்று முரண்படக்கூடிய இரு சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். அம்முரண் தோன்றும் இடத்திலேயே மக்கள் எதனை இழக்க மறுத்தனர் என்பது வெளிப்படுகிறது.

நாட்டுப்புற இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் முத்துப்பட்டன் கதையை வகுப்பில் எடுத்துரைக்கையில், பொம்மக்கா, திம்மக்காவின் உண்மைப் பிறப்பு எது என்னும் வினாவோடு நிறுத்திவிடாமல், பட்டவராயனுக்கு ஏன் செருப்பு இடுகிறார்கள் என்னும் வினாவையும் எழுப்புதல் நன்று. முன்னதற்கு விடை தேடும் மாணவர் பல வழக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். பின்னதற்கு விடை தேடும் மாணவர், பிறப்பை முன்வைத்து மனிதரை அளக்கும் முறையையே வினவத் தொடங்குவார்.